மூன்றாவது பிக்கப்

மார்ச் 3
ரிப்பேருக்கு வந்த போன்களை ஓரம் தள்ளிவிட்டு அண்ணன் தன் கிட்டாரை என் மேசையில் கிடத்தினான். "சத்தம் மூடிக்கெடக்கு பாப்பா. போர்வைக்குள்ளேருந்து வாசிக்கிற மாதிரி. பிக்கப் செத்துப்போச்சு. நல்ல ஹம்பக்கரா பாத்து மாத்திக் குடு." கம்பிகளுக்குக் கீழே உட்கார்ந்து அதிர்வைப் பிடிக்கிற இரட்டைச் சுருள் அது. அவ்வளவு சீக்கிரம் சாகாது. சொன்னால் கேட்கிற ஆளா?

மார்ச் 9
இரண்டு வாங்கினேன். பழசையும் சேர்த்து மாற்றி மாற்றி ஈயத்தால் பற்றவைத்து, எனக்குத் தெரிந்த நாலு மெட்டை வாசித்துப் பதிந்து கேட்டேன். செராமிக் காந்தம் உள்ளது ஒரே காரம், பல் கூசுகிறது. அல்னிகோ காந்தம் உள்ளது சாது, ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கிறது. உண்மையைச் சொன்னால் பழசுக்கும் ஒரு குறையும் இல்லை.

காரமானதைப் போட்டுக் கொடுத்தேன். ஈயப் புகை நாற்றம் என்று மூக்கைச் சுளித்துக்கொண்டே வாசித்தான். "மந்தமா இருக்கு." மந்தமா! "நீ என்ன டமாரச் செவிடா?" என்றேன். சிரித்தான். நானும்தான்.

மார்ச் 12
அல்னிகோவைப் பற்றவைத்தேன். அண்ணன் பக்கத்திலேயே இருந்தான். இணைப்பு சரியாக இருந்தால் கத்துகிற மீட்டரை வைத்தேன். கீச்சென்று கத்தியது. "அந்தச் சனியன நிறுத்து!" என்று அண்ணி அடுத்த அறையிலிருந்து கத்தினார். அண்ணன் குனிந்து பார்த்தான்.

"மீட்டர் கத்தலையே. வயர் அறுந்திருக்கா?"

மறுபடி வைத்தேன். மறுபடி கத்தியது. அவன் என் பதிலுக்காகக் காத்திருந்தான்.

"பாட்டரி போச்சு" என்றேன்.

மார்ச் 13
டமாரச் செவிடு. எனக்கு நாக்கில்தான் சனி.

மார்ச் 15
அல்னிகோவும் மந்தமாம். இன்று சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அவன் முந்திக்கொண்டான். "கச்சேரில ட்ரம்மர் என்னை ஒரு மாதிரி பாக்கறான். கிட்டார் சரியாயிட்டா எல்லாம் சரியாயிடும்." அவனுக்கு வாசிப்பதைத் தவிர வேறு பிழைப்பு தெரியாது. என் வாய் தானாகச் சொன்னது: "இன்னொண்ணு இருக்குண்ணா. வரவழைக்கிறேன்."

எங்கே இருக்கிறது இன்னொன்று?

மார்ச் 19
செய்துவிட்டேன். கம்பிகளை மட்டும் புதிதாக மாட்டினேன். ஆம்ப்பில் சத்தத்தின் கூர்மையைக் கூட்டுகிற ட்ரெபிள் குமிழைக் கடைசிவரை திருகினேன். பிக்கப்பைத் தொடவே இல்லை. "மூணாவது" என்று நீட்டினேன்.

கிட்டாரை முகத்தருகே கொண்டுபோய்ச் சற்று நேரம் அப்படியே வைத்திருந்தான். அப்புறம் வாசித்தான். "ஆங். இதுதான். உன் கைராசி!"



ஏப்ரல் 6
ஒத்திகைக்குப் போயிருந்தேன். ஆம்ப்பை ஸ்டூலில் ஏற்றிக் காதுக்கு நேராக வைத்திருக்கிறான். இன்னும் சத்தம், இன்னும் ட்ரெபிள். ட்ரம்மர் காதில் பஞ்சோடு வெளியே வந்து, "என்ன எழவ மாட்டிவிட்ட அதுல?" என்று என்னைத்தான் கேட்டார். மிச்சமிருக்கிற காதையும் நானே கெடுத்துக்கொண்டிருக்கிறேன். அவன் முகம் வாடக் கூடாதாம்! பாவி நான்.

ஏப்ரல் 7
சொல்லிவிட்டேன். அடுப்படியில், அண்ணி முன்னாலேயே, அழுதுகொண்டே. "பிக்கப்ல ஒண்ணும் இல்லண்ணா. மூணாவதுன்னு ஒண்ணே கெடையாது. மீட்டர் அன்னைக்குக் கத்துச்சு."

அவன் தட்டைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்."

"எப்படி?"

"காதுதான் மந்தம், மூக்கு நல்லாத்தான் இருக்கு. நீ பத்தவச்சா ரெண்டு நாளைக்கு ஈயப் புகை வாசம் போகாது. மூணாவதுன்னு நீ நீட்டுன அன்னைக்கு வாசமே இல்ல."

"அப்புறம் ஏன் இதுதான்னு சொன்ன?"

துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். "எதையும் மூஞ்சிக்கு நேரா சொல்றவ நீ. நீயே எங்கிட்ட பொய் சொல்றேன்னா... பயந்துட்டேன் பாப்பா."

அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு அவன் பக்கத்தில் போய் நின்றார்.

ஏப்ரல் 10
காது டாக்டர். போனது வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். கருவி வைக்க வேண்டும், வாசிக்கும்போது காதை மூட வேண்டும், சத்தத்தைப் பாதியாக்க வேண்டும். "முன்னாடியே வந்திருந்தா?" என்று நான்தான் கேட்டேன். "நல்லா இருந்திருக்கும்" என்றார். அண்ணன் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 21
கருவி அடுத்த வாரம்தான் வரும். அதற்குள் பழைய ஹம்பக்கரையே போட்டுவிடச் சொன்னான். "அது எப்படிக் கேக்கும்னு எனக்கு ஞாபகம் இருக்கு."

பற்றவைத்தேன். புகையில் இருமினான், ஆனால் நகரவில்லை. மீட்டரை வைத்தேன். கத்தியது.

அவன் என் முகத்தைப் பார்த்தான். தலையாட்டினேன்.