நெற்றிப்பொட்டில் எடுத்த துண்டு

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
14.9.1986

அன்பு மகன் விநாயகமூர்த்திக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கு எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உன் லீட்ஸ் வீட்டுக்குப் பலமுறை போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அம்மாவின் வலக்கண் பார்வை இனித் திரும்பாதாம். இடக்கண்ணைக் காப்பாற்ற ஸ்டீராய்டு மாத்திரையை மறுபடி தொடங்கிவிட்டார்கள். முகம் ஊதியிருக்கிறது, இரத்தத்தில் இனிப்பும் ஏறியிருக்கிறது. தலைவலியும், மெல்லும்போது வந்த தாடை வலியும் இப்போது இல்லை.

இந்த முறை வலது நெற்றிப்பொட்டிலிருந்து இரத்தக்குழாய்த் துண்டை எடுத்தார்கள். நம் சிவசம்புவின் மகள் குணபூசணிதான் அந்த ஆஸ்பத்திரியில் திசுப் பரிசோதனை டாக்டர். மைக்ரோஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னாள். குழாய்ச் சுவருக்குள் அலைபோல ஓட வேண்டிய கோடு துண்டு துண்டாக முறிந்து கிடந்தது. அதையொட்டிப் பெரிய பெரிய அணுக்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் பல கருக்கள். இரத்தம் போகும் வழி கிட்டத்தட்ட அடைபட்டிருந்தது.

பிறகு ஜூலையில் இடப்பக்கம் எடுத்த துண்டையும் வைத்தாள். அதில் கோடு முழுசாக இருந்தது, வீக்கமே இல்லை. கண்ணுக்குப் போகும் இரத்தத்தை அடைக்கும் இந்தக் குழாய் வீக்க நோய் குழாய் முழுக்க வராதாம். ஓரிடத்தில் இருக்கும், பக்கத்திலேயே இருக்காது. "நானா இருந்தாலும் நார்மல்னுதான் சொல்லியிருப்பேன் அங்கிள்," என்றாள்.

அந்த ரிப்போர்ட்டைத்தான் உனக்குப் போனில் வாசித்தேன். மாத்திரை அம்மாவின் உடம்பைக் கெடுக்கும், நிறுத்தலாம் என்றாய். இங்குள்ள டாக்டரும் சரி என்றார். மறுமாதமே பாசாரில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றவளுக்கு ஒரு கண் இருண்டுவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் கொடுத்திருக்கலாமே என்று நானும் நினைக்காமல் இல்லை. ஆனால் நீ டாக்டராகப் பிழை செய்யவில்லை, மகன். அந்தத் துண்டில் நோய் இல்லை. என் கண்ணாலேயே பார்த்தேன்.

போன் மணி அடித்தால் அம்மா சுவரைத் தடவிக்கொண்டு எனக்கு முன்னே போய் எடுக்கிறாள். வேறு யாரோ என்றதும் ரிசீவரை என்னிடம் நீட்டிவிடுகிறாள். நேற்று, "கண் போனதுக்கு நான் அழேல்லை. பிள்ளை ஏன் என்னோட கதைக்கிறானில்லை எண்டு கேட்டு எழுதுங்கோ," என்றாள்.

டிசம்பரில் லீவு எடுத்து வா. மாத்திரை பற்றி இந்த வீட்டில் யாரும் பேச மாட்டோம். வந்ததும் அம்மாவுக்கு இடப்பக்கமாக உட்கார். உன் முகம் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஸ்கொட் ரோடு கோயில் கந்தசாமி உன் மனத்துக்கு ஆறுதல் தரட்டும்.

அப்பா
சிவகுருநாதன்