இரண்டு பேர் வாசித்த கார்டு

உங்கள் கீபோர்டு போன மேசையில், அது இருந்த நீளத்துக்கு மட்டும் மரம் வெளுத்துக் கிடக்கிறது. காலையிலிருந்து நாலு தடவை துடைத்துவிட்டேன். துடைத்தால் போகிற வெளுப்பா அது? உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்பு வரைதான், தெரியுமே உங்களுக்கு.

பக்கவாதம் வந்து இடது கை மடங்கிப்போன வருஷம், கானமேளா மேடைக்கு வாசிக்கப் போக முடியாமல் வீட்டிலிருந்தே ஒரு மெட்டுக் கட்டினீர்கள். அதன் நடுவில் ஒரு கார்டு, பல கட்டைகளை ஒரே நேரத்தில் அமுக்குகிற கொத்து. ஒரு கைக்கு அடங்காதது. சுக்குக் கிடங்கிலிருந்து நான் வந்ததும், சாயாகூடக் குடிக்கவிடாமல் பக்கத்தில் உட்காரவைப்பீர்கள். என் இடது கையில் சுண்டுவிரல் ஸி, நடுவிரல் ஈ, கட்டைவிரல் பி ஃப்ளாட். கை நிறைய இருக்கட்டுமே என்று இடையில் இருக்கிற ஜி என்கிற வெள்ளைக் கட்டையையும் சேர்த்து அமுக்கிவிடுவேன்.

“அந்த வெள்ளைய விடுடீ. மூணு மதி, போதும். அந்த ஜியத்தான் அரை ஸ்வரம் ஏத்தி நான் இங்க வெச்சிருக்கேன். ரெண்டும் அடிச்சுக்கும்.”

உங்கள் வலது கையில் இரண்டே கறுப்புக் கட்டை, சுட்டுவிரலுக்கு ஒன்று, சுண்டுவிரலுக்கு ஒன்று. சேர்ந்து அமுக்கினால் காதை உறுத்தும். பாத்திரம் உரசுகிற மாதிரி இருக்கிறதே என்றால், இது நிற்கிற இடமில்லை, அடுத்ததற்குப் போகத்தான் இப்படித் தவிக்கிறது என்பீர்கள்.

நீங்கள் கண்ணை மூடி நாற்பது நாள் கழித்து, கானமேளாவில் இப்போது உங்கள் இடத்தில் வாசிக்கிறவர் வந்தார். உங்கள் மெட்டை மேடையில் வாசிக்க ஆசையாம். நாம் வாசித்துப் பதிந்த கேசட்டில் அந்தக் கார்டு வருகிற ஓரிடம் மட்டும் பிடிபடவில்லையாம். என் மூன்றையும் அமுக்கிக் காட்டினேன். மேலே அவர் என்னவோ வைத்தார். இனிமையாக இருந்தது. இதில்லை என்றேன்.

“சேச்சி, செவன்த் கார்டுன்னா இதான் சரி.”

“சரியா இருக்குல்ல, அதான் தப்பு. அரை ஏத்துங்க.”

சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். அந்த இரண்டு கறுப்பும் விழுந்தபோது இதுதான் என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

“இனி கைய எடுத்துக்குங்க சேச்சி. நான் ஒத்தைக்கு வாசிக்கிறேன்.”

எடுக்க மனம் வரவில்லை. அவர் காத்திருந்தார். எடுத்தேன். அவருடைய இரண்டு கையும் ஒரு பிசகில்லாமல் வாசித்தன. மெட்டு பிழைத்துவிட்டது. சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. கீபோர்டையும் நானேதான் கொடுத்தனுப்பினேன்.

ஆனால் கிடங்கில் சுக்கு பிரிக்கும்போது என் இடது கை திடீரென்று நின்றுவிடுகிறது. மூன்று விரலும் பலகையை அமுக்கிக்கொண்டு, வலப்பக்கம் யாராவது வருவார்களா என்று பார்த்திருக்கின்றன. மேஸ்திரி என்னவென்று கேட்டால் கை மரத்துவிட்டது என்கிறேன். மரக்கவில்லை.