செல்லத்தைக் கப்பலேற்றினேன்

பாரோய், சிரம்பான்
1931 ஒக்டோபர் 18

அன்பு நிறைந்த ஆனந்தவல்லி அக்காவுக்கு,

ஆண்டவர் இந்நாள்வரை எங்களைச் சுகத்தோடு வைத்திருக்கிறார். நாகபட்டினத்தில் நீங்களும் கனகசுந்தரம் அத்தானும் நலமாயிருக்க மன்றாடுகிறேன். இரண்டு மாதமாக நான் எழுதாததற்கு வேலை காரணம் இல்லை. எழுதினால் இதையும் எழுதவேண்டி வரும் என்றுதான் எழுதவில்லை.

ரப்பர் விலை விழுந்ததில் இவர் கணக்கெழுதும் கிராணியாயிருக்கும் தோட்டத்திலும் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். கோலா சாவாப் பக்கத்திலிருந்தெல்லாம் சனங்கள் மூட்டையோடு சிரம்பானுக்கு நடந்து வந்து, கடை வாசல்களிலும் பாலத்தடியிலும் படுத்துக் கிடந்தார்கள். அதைப் பார்த்து எங்கள் போதகர் அம்பாங்கானில் கோயிலுக்குப் பின்னால் ஓர் ஓலைக் கொட்டகை போட்டார். ஒரு நேரம் கஞ்சியும் படுக்க இடமும். என்ன சாமியைக் கும்பிடுகிறவர்கள் என்று கேட்பதில்லை. இவர் வேலை முடிந்ததும் சைக்கிளில் அங்கே போய்விடுவார். ஆட்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார், புண்ணுக்கு மருந்து போடுவார். நானும் மற்றப் பெண்களோடு கஞ்சி ஊற்றப் போவேன்.

அங்கேதான் செல்லம் வந்தாள். கோலா சாவாத் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டியவள். புருஷன் முனியாண்டி பகாவ் பக்கம் வேலை தேடிப் போகும்போது, அம்பாங்கான் கொட்டகையிலேயே இரு, வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லிப் போனானாம். அவளுக்கு மூன்று வயதில் ஒரு பெண், பெயர் பஞ்சாலை. யாரோடும் பேசாத பிள்ளை இவர் சைக்கிள் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடும். இவர் மடியில் இருந்துதான் கஞ்சி குடிக்கும். “கிராணி ஐயாவப் பாத்தாத்தாம்மா இவ வாயே தொறக்குறா” என்று செல்லம் என்னிடமே சிரித்துக்கொண்டு சொல்வாள்.

அக்கா, உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? இவர் செல்லத்தைத் தவறான எண்ணத்தோடு ஒருநாளும் பார்த்ததில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நெஞ்சு எரிந்தது. பன்னிரண்டு வருஷத்தில் இவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்தாலும் பஞ்சாலை இன்றைக்கு என்ன சொன்னாள் என்பதுதான் பேச்சு. நான் தலைவலி என்று படுத்திருந்த நாளிலும் அதேதான். அந்தத் தாயும் பிள்ளையும் தெருவில் கிடந்தவர்கள், எனக்கு வீடும் கட்டிலும் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அப்படியும் அவர்களிடம் இருந்தது எனக்கு இல்லை என்றே பட்டது.

ஒருநாள் இவர் என் பெட்டியிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்துவந்து, பிள்ளைக்கு ஒரு சட்டை தைத்துக் கொடு என்றார். எந்தத் துணி என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் பிள்ளை தங்காமற் போனபோது நீங்கள்தான் மடித்து வைத்தீர்கள். நூல் இல்லை என்று பொய் சொன்னேன். இவர் துணியைத் திரும்பப் பெட்டியில் வைத்தார்.

அந்த வாரம் ஊருக்குத் திரும்பிப் போக விரும்பும் ஆட்களை அரசாங்கம் கப்பலேற்றுவதாக அறிவித்தது. என் கையெழுத்துத் தெளிவு என்று போதகர் பெயர்களை என்னையே எழுதச் சொன்னார். செல்லம் மட்டும் மாட்டேன் என்றாள். “அவரு இங்கதாம்மா வருவாரு. நா போயிட்டா எங்கன்னு தேடுவாரு?” என்றாள். நான் அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், முனியாண்டி இதற்கு முந்தின கப்பலிலேயே ஊருக்குப் போய்விட்டான், பகாவிலிருந்து வந்த ஒருவர் பார்த்தாராம், நாகபட்டினத்தில் கப்பலடியில் உனக்காகக் காத்து நிற்பான் என்று சொன்னேன். அப்படி ஒருவரும் வரவில்லை, அக்கா. அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் பெயரையும் பிள்ளை பெயரையும் எழுதினேன். துறைமுகத்துக்கு ரயிலேற்றிவிட்டு வந்தபின், அவள் மனம் ஒத்துத்தான் போனாளா என்று இவர் ஒரேயொரு தரம் கேட்டார். ஓம் என்றேன். அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டேன்.

அவர்கள் போன பதினாறாம் நாள் முனியாண்டி கொட்டகைக்கு வந்தான். பகாவில் மரம் அறுக்கும் இடத்தில் வேலையும் ஓர் அறையும் கிடைத்து, பெண்சாதி பிள்ளையைக் கூட்டிப்போக வந்திருந்தான். “நா கப்பலேறிட்டேன்னு யாரு சொன்னது?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டான். கிராணி ஐயா வீட்டம்மாதான் என்று பெண்கள் சொன்னார்கள். இவர் அங்கே புண் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். புண்ணின் கட்டை முடிச்சுப் போட்டு முடித்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் முனியாண்டியிடம் உண்மையைச் சொன்னேன். அவன் திட்டவில்லை. “ஏம்மா?” என்று மட்டும் கேட்டான். இப்போது இவர்தான் அவனுக்குத் துணை. இருவரும் சேர்ந்து உட்கார்ந்து அவளைப் பற்றியும் பிள்ளையைப் பற்றியும் பேசுகிறார்கள். அதைப் பார்த்தாலும் எனக்குள் அந்த எரிச்சல் எழும்புகிறது. இவ்வளவு செய்த பின்பும் அது போகவில்லை என்பதுதான் எனக்குப் பயமாயிருக்கிறது.

போதகர் நாகபட்டினத்துக்குத் தந்தி அடித்தார். கப்பலிறங்கியவர்களை வைத்திருந்த முகாமிலிருந்து எல்லோரையும் அனுப்பிவிட்டோம் என்று பதில் வந்தது. செல்லத்துக்கு ஊரில் யாரும் இல்லையாம். ஆகையால் அத்தானைக் கெஞ்சிக் கேட்கிறேன். மலாயாக் கப்பல் வரும் நாளெல்லாம் கப்பலடிக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். நான் சொன்னதை நம்பி அவள் அங்கேதான் நிற்பாள். மெலிந்த உயரமான பெண், இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு. கண்டால் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். முனியாண்டி இங்கே வந்திருக்கிறான், காத்திருக்கிறான் என்று சொல்லுங்கள். பொய் சொன்னது யார் என்பதையும் சொல்லுங்கள்.

இவர் ஒரு மாதமாக என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறார், அவ்வளவுதான். நீங்கள் எழுதும் பதில் எனக்கு வேண்டாம், அக்கா. தாயும் பிள்ளையும் கிடைத்தார்கள் என்று இவர் பெயருக்கே எழுதுங்கள். வாசித்துவிட்டு, அதை எனக்கு அவர் வாயால் சொல்லட்டும்.

கர்த்தர் உங்கள் கால்களை அந்த இருவரும் நிற்கும் இடத்துக்கு நடத்துவாராக.

உங்கள் தங்கை,
சரோஜினிதேவி குலசேகரம்