வீட்டிலேயே வைத்துவிட்டுப் போன நோட்டு

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் பிரார்த்தனை செய்கிறேன். காய்கறிப் பையை வலது கையிலேயே தூக்கு, இடது கையை வருத்தாதே.

செவ்வாய்க்கிழமை நகரசபைக் கூட்டத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர்கள் தலைவரம்மா, உறுப்பினர்கள் ஏழு பேர், குறிப்பெடுக்கிற குமாஸ்தா, சிகிச்சை மையத்து டாக்டரம்மா, ஒரு நர்ஸ், மனைவியைக் கைப்பிடித்துக் கூட்டி வந்த தையல்காரர், நான், கடைசி வரிசையில் உன் தம்பி. அப்பா வரவில்லை, அங்கே என் பேரை எடுக்காதே என்று மட்டும் சொல்லி அனுப்பினார். குடிப்பழக்கத்துக்கும் மனநோய்க்கும் வைத்தியம் பார்க்கிற அந்த மையத்துக்கு நகரசபை கொடுக்கிற பணத்தை இந்த மாதத்தோடு நிறுத்தலாமா என்பதுதான் பேச்சு. பணம் நின்றால் எட்டுப் படுக்கையும் மருந்தும் போய்விடும், தம்பி காலையில் எழுந்து போக ஒரு இடம் இருக்காது.

நான் வீட்டுக் கணக்கு எழுதுகிற மாதிரியே அவன் குடித்த நாள், குடிக்காத நாள் எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். மையத்தில் சேர்வதற்கு முந்தைய வருஷத்துக்கு ஒரு நோட்டு, சேர்ந்த பிறகு ஒரு நோட்டு. முதல் நோட்டில் குடித்த நாள் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு, இரண்டாவதில் நாற்பத்தொன்று. டாக்டரம்மா இரண்டையும் எடுத்து வாருங்கள் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். ஊர் பார்க்க அந்த முதல் நோட்டை விரிப்பதா என்று எனக்கு மனம் வரவில்லை, அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டு நல்ல நோட்டை மட்டும் எடுத்துப் போனேன். ஆளுக்கு மூன்று நிமிஷம் என்றார்கள். நான் கடவுளுக்கும் சபைக்கும் நன்றி சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது, நோட்டை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அதை எடுத்தவர் பெயின்ட் கடைக்காரர், உறுப்பினர்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு நாளாக வாசித்தார். "ஒன்பதாம் தேதி, குடித்தான். பதினான்கு, குடித்தான், கடவுள் மேல் சத்தியம் செய்தான், பொய். இருபது, கால்சட்டையிலேயே போய்விட்டான், துவைத்தேன்." சபையில் சிரித்தார்கள். "பெத்த தாயே எழுதி வெச்சிருக்காங்க, நாப்பத்தோரு நாள். இது வைத்தியமா இல்ல தண்ணிப் பந்தலா? இதுக்கா நம்ம வரிப்பணம்?" என்றார். முந்தைய வருஷம் ஒன்று இருக்கிறது ஐயா என்று நான் எழுந்தேன். "உங்க நேரம் முடிஞ்சுதும்மா, உட்காருங்க" என்றார்கள். தையல்காரர் மனைவி, அவளுக்குக் காதில் யாரோ பேசுகிற நோய், இவர்கள் சிரிப்பது தன்னைப் பார்த்துத்தான் என்று அழ ஆரம்பித்தாள். அவளை வெளியே கூட்டிப்போகச் சொன்னார்கள். உன் தம்பி மட்டும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தான். நான் எழுதி வைக்கிறேன் என்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஐந்துக்கு இரண்டு என்று நிறுத்த முடிவானது. தலைவரம்மா மட்டும், இருபத்தெட்டாம் தேதி கடைசியாக ஒரு முறை கேட்போம், குடும்பத்தார் கண்ணால் பார்த்ததைக் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம் என்றார். டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. முதல் நோட்டை இப்போது கொண்டுபோனால் நேற்று உட்கார்ந்து எழுதியது என்பார்கள், அந்த வருஷத்தைப் பார்த்த இன்னொருவர் சொல்ல வேண்டும் என்றார். அப்பா எழுத மாட்டார். எழுதச் சொன்னேன், ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி அந்த முதல் நோட்டைக் கேட்டு வாங்கி, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தான். நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு இடத்தில் விரலை வைத்து, "எல்லாம் சரியா எழுதியிருக்கீங்கம்மா, இது ஒண்ணுதான் தப்பு. அக்கா படியில விழலையே. நான்தானே அக்கா கையைக் கதவை வெச்சு நசுக்கினேன்" என்றான். குரலை உயர்த்தவில்லை. பிறகு, "இதைக் காட்டியிருந்தா அங்க யாரும் சிரிச்சிருக்க மாட்டாங்க" என்றான்.

ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போது படியில் விழுந்தேன் என்று சொல் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். எலும்பு இரண்டாக உடைந்த கையைப் பிடித்துக்கொண்டு நீயும் அப்படியே சொன்னாய். இரண்டு மாதத்தில் ஊரை விட்டுப் போய்விட்டாய். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே நோட்டில் எழுதினேன், மகள் படியில் விழுந்தாள் என்று. என் கணக்கில் நான் தெரிந்து எழுதிய பொய் அது ஒன்றுதான். அடித்து எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன், புது மை காட்டிக்கொடுத்துவிடும் என்று வைத்துவிட்டேன்.

உன்னை மறைக்கச் சொன்ன நானே இப்போது சொல்லச் சொல்கிறேன், இது கொடுமை என்று எனக்குத் தெரியும். அவனை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை, அதை நான் கேட்க முடியாது. கை எப்படி உடைந்தது, யார் உடைத்தது, யார் பொய் சொல்லச் சொன்னது, மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. என்னைக் காப்பாற்றுவதற்காக மூன்றாவதை விட்டுவிடாதே. கடவுள் உன்னைத் துணையிருந்து காக்கட்டும். குளிர் நாளில் அந்த மணிக்கட்டுக்குச் சூடு வை. எழுத மாட்டேன் என்றால் அதையும் ஒரு வரியில் எழுதிவிடு, நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்காமல் இருப்பேன். கடிதம் வர ஒன்பது நாள் ஆகிறது. பதில் சீக்கிரம் போடு.

உன் அம்மா