மெழுகு உருளைமேல் குங்குமம்

அன்புள்ள அப்பாவுக்கு ஈஸ்வரின் வணக்கம். முட்டிவலி குறைந்ததா? அம்மா மறக்காமல் மாத்திரை போடுகிறார்களா? நான் நலம்.

நீங்கள் பட்டறையில் லேத்துக்குப் பொட்டு வைப்பதுபோல, ஆயுத பூஜைக்கு நானும் இங்கே சுவிட்சர்லாந்தில், நொஷாட்டல் இசைக் காப்பகத்தில் என் இயந்திரத்துக்கு வைத்தேன். பழைய மெழுகு உருளைகளில் பதிந்த இசையைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் இயந்திரம் அது. இன்று காலை ஓட்டியதும் காய்ந்த குங்குமம் உதிர்ந்து உருளைமேல் விழுந்துவிட்டது. பெரிய விஷயமில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். பெரிய விஷயம்தான்.

அந்த உருளை, வல்சங்கா என்ற இத்தாலிய ஓபரா இசையமைப்பாளர் 1903-இல் தானே பியானோ வாசித்துப் பதிந்தது. சொந்த ஊரில் அவருடைய ஓபரா இசை நாடகம் தோற்றதும் இங்கே வந்து, பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். அவர் வாசிப்புக்கு உலகத்திலேயே இந்த ஓர் உருளைதான். நான் பாதிகூட மாற்றவில்லை.

உடன் வேலை செய்யும் ரிஷானி, யாழ்ப்பாணத்துக் குடும்பம், பார்த்ததும் கத்தினாள்.

"உமக்கென்ன விசரோ? துடைக்காதையும், ஊதவும் வேண்டாம்! போய் டைரக்டர் மேடத்திட்டை உண்மையைச் சொல்லும்."

"வேலை போயிடும் ரிஷானி."

"உமக்கு வேற வேலை கிடைக்கும். அந்த மனுசன் திரும்பி வந்து வாசிப்பாரோ?"

அவள் சொல்வது சரி. ஆனால் வேலை போனால் இந்த நாட்டில் தங்கும் பெர்மிட்டும் போகும்.

நீங்கள் காகிதத்தில் மடித்துக் கொடுத்த அந்தக் குங்குமம் மஞ்சளில் செய்ததா, சாயப்பொடியா? மெழுகில் ஊறுமா என்று கேட்பார்கள். கடைக்காரரிடம் விசாரித்து உடனே எழுதுங்கள். முடிந்தால் ஃபோனே செய்யுங்கள்.

மேடம் வந்துவிட்டார், சொல்லப் போகிறேன். அம்மா கேட்டால் பூஜை நன்றாக நடந்தது என்று சொல்லுங்கள்.

ஈஸ்வர்