ஏமி அவசரம்?

14-4-42, செவ்வாய்
வெயில் ஏறுமுன் கிளம்ப நினைத்தது. நடக்கவில்லை. ராயபுரம் பாதி காலி. ஜப்பான்காரன் குண்டு போடுவானாம். துறைமுகத்தில் நான் வின்ச் ஓட்டிய கம்பெனி, ஆட்களின் குடும்பத்தை ஊர் கடத்த லாரி ஏற்பாடு செய்தது. வேலையை விட்டு நின்றவனும் ஆள்தானே? இடம் கேட்டு நடையாய் நடந்தேன். குமாஸ்தா தலை தூக்காமல், "இன்னா அவசரம் பெரியவரே?" என்றான். போகும்போதெல்லாம் அதே பேச்சு. இன்று காலை லாரி போய்விட்டது. மேலே துரையின் நாற்காலிகள், ஒரு நாய்.

எனவே மகன் முருகேசனின் சரக்கு மாட்டுவண்டி. அவனே ஓட்டுவான். சூளூர்ப்பேட்டைப் பக்கம் விறகுக்கடை வைத்திருக்கும் பழைய சிநேகிதனிடம் போவதாக முடிவு. முடிவு என்னுடையது. ஊரே மேற்கே போகிறது, நாங்கள் வடக்கே. எதிர்வீட்டுக்காரன், "குண்டு வுழுந்த பக்கமே போறியே மாமு, மிச்சம் மீதி பொறுக்கவா?" என்றான். 

ஏற்றியவை: கூடாரத்துக்குக் கப்பல் தார்ப்பாய், மூங்கில், அரிசி, புளி, கருவாடு, லாந்தர், மனைவி மரகதத்தின் வெற்றிலைப்பெட்டி. அவளுக்கு அது இருந்தால் போதும், வீடு எதற்கு?

மீஞ்சூர் அருகே சவுக்குத்தோப்பு. கூடாரம் நானே கட்டினேன்.

15, புதன்
அனல். மாடுகள் நுரை தள்ளுகின்றன. கும்மிடிப்பூண்டி வந்ததுமே காதில் பாதி தெலுங்கு. மருமகள் ராஜம்மா கிணற்றடிப் பெண்களோடு பேச வாயெடுத்தாள். என்னைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். தண்டையார்ப்பேட்டைத் தெலுங்குப் பெண். முருகேசன் என்னைக் கேட்காமல் கட்டியது. என் வீட்டில் தெலுங்கு கூடாது என்று அன்றே சொன்னேன். வண்டியும் வீடுதான்.

மரகதம் சொல்கிறாள்: "பையன் உன்னை நைனான்னு கூப்புடறானே, அது எந்த ஊர் தமிழு?" சிரித்துச் சிரித்து இருமினாள்.

16, வியாழன்
ஆரம்பாக்கம் தாண்டி ஊரே இல்லை. முள், கள்ளி, பனை, செம்மண். கிழக்கே ஏரி உப்பாய் மின்னுகிறது. வாய்க்கால் ஓரம் இறங்கினோம். தண்ணீரைக் காய்ச்சித் தரட்டுமா என்று ராஜம்மா மரகதத்திடம் கேட்டாள், எனக்குக் கேட்கும்படி. ஓடுகிற தண்ணீர், வேண்டாம் என்றேன்.

17, வெள்ளி
விடியலிலிருந்து மரகதத்துக்குப் பேதி. வாந்தியும். நேற்று வண்டி அச்சு விரிசல் கண்டிருந்தது, இன்று முறிந்தது. முருகேசன் தச்சனைத் தேடி வந்த வழியே போனான். மத்தியானத்துக்குள் மரகதத்தின் கண் உள்ளே போய்விட்டது. விரல் நுனி சுருங்கிவிட்டது.

பனைகளுக்கு அப்பால் ஒரு சிற்றூர். ஆடு மேய்ப்பவன் வைத்தியர் வீட்டைக் கை காட்டினான். ராஜம்மா, "நான் போயி கேட்டுக்கினு வரேன் மாமா" என்றாள். ஒரு வருஷத்தில் என்னிடம் நேராகப் பேசியது அதுதான். வேண்டாம், நீ அத்தையைப் பார் என்றேன்.

வாசலில் வேர்கள் காய்கின்றன. உள்ளே ஒரு கிழவன் ஏதோ இடித்துக்கொண்டிருந்தான். அவசரம் ஐயா, அவசரம் என்றேன். உலக்கையை நிறுத்தாமல், "ஏமி அவசரம்?" என்றான். ஏமி என்றால் 'என்ன' என்று ராயபுரத்தில் நாய்க்கும் தெரியும். உரக்க, அவசரம் என்றேன். மறுபடி அதே: "ஏமி அவசரம்?"

இதைக் கேட்கவா இத்தனை மைல்? திரும்பிவிட்டேன்.

வைத்தியர் வீட்டில் யாரும் இல்லை என்று ராஜம்மாவிடம் சொன்னேன். முருகேசன் வந்தால் வண்டியைப் பூட்டி அடுத்த ஊருக்குப் போகலாம். மரகதம் தண்ணீர் கேட்கிறாள், கேட்கிறாள்.

18, சனி
முருகேசன் விடியலில்தான் வந்தான், தச்சனோடு. அதற்குள் ராஜம்மா என்னைக் கேட்காமலே அந்த வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். கிழவன் மேல்துண்டும் இல்லாமல் ஓடி வந்தான். நாடி பார்த்தான். உப்பும் வெல்லமும் போட்ட கஞ்சித்தண்ணீரைக் கரண்டி கரண்டியாய் ஊற்றினான். கடைவாயில் வழிந்தது. உச்சிக்கு முன் முடிந்தது.

கிழவன் என்னையே பார்த்தபடி ராஜம்மாவிடம் ஏதோ சொன்னான். அவள் மரகதத்தின் வாயைத் துடைத்தாள். பிறகு முருகேசன் விறகுக்குப் போனதும், தரையைப் பார்த்துச் சொன்னாள்:

"நேத்து இவர் வூட்லதான் இருந்தாராம் மாமா. ஒருத்தர் வந்து அவசரம் அவசரம்னாராம். இன்னா வேணும்னு ரெண்டு வாட்டி கேட்டாராம். வந்தவரு மொறைச்சிட்டுப் போயிட்டாராம்."

"இன்னா அவசரம்னுதான் கேட்டான்" என்றேன்.

"தெலுங்குல அவசரம்னா தேவை மாமா. உனக்கு இன்னா தேவைன்னு கேட்டிருக்கார்."

அவள் அழவில்லை. 

மதராஸ் ராஜதானியில் இருந்துகொண்டு நாலு வார்த்தை தமிழ் தெரியாதா அவனுக்கு? இதில் நான் மாறப்போவதில்லை.

19, ஞாயிறு
மேகம். மழை இல்லை. ஏரிக்கரையில் எரித்தது, சாம்பல் ஏரியில். தூக்க ஆள் அந்த ஊர் ஆட்கள். விறகு கிழவனுடையது, வறட்டியும். காசு வாங்கவில்லை. ராஜம்மா முருகேசனிடம் எதுவும் சொல்லவில்லை. அவன், "அன்னிக்கே வைத்தியர் வூட்ல ஆள் இருந்திருந்தா கெய்வி பொயச்சிருக்கும்" என்று தச்சனிடம் புலம்பியபோதும் சொல்லவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

வெற்றிலைப்பெட்டியை அவளிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். மாடு மேய்க்க வந்த கிழவிகளோடு தெலுங்கில் பேசினாள். தடுக்காமல் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

புறப்படும்போது கிழவன் வண்டிவரை வந்தான். இன்னும் ஏதும் வேண்டுமா என்பதுபோல் என் தோளைத் தொட்டான். "இன்கா ஏமி அவசரம்?"

"லேது", இல்லை என்றேன். என் வாயில் வந்த முதல் தெலுங்கு.

அச்சு சரியாகிவிட்டது. மாடு பூட்டியாயிற்று. முருகேசன், "கெளம்பலாமா நைனா, வெய்யில் ஏறிக்கினு கீது" என்றான்.

இன்னா அவசரம் என்றேன்.