கிழக்கு வரப்பு

விருத்தாசலம்
20.1.2008

மரியாதைக்குரிய அகல்யா அவர்களுக்கு,

கம்மாபுரம் பக்கத்துல நீங்க தங்கியிருந்த வூட்டு பாஞ்சாலை வணக்கத்தோட எழுதிக்கொள்வது. நானும் வூட்டுக்காரரும் மக ப்ரியாவும் நல்லபடியா இருக்கோம். புனேவுல இப்ப குளிர் அதிகமாம், ப்ரியா சொன்னா. உடம்பைப் பாத்துக்குங்க.

நீங்க அனுப்பின கடுதாசியும் அச்சடிச்ச கட்டுரையும் பழைய விலாசத்துக்குப் போய், தபால்காரர் விசாரிச்சு எங்ககிட்ட சேக்க ஒரு மாசம் ஆயிட்டுது. சுரங்கத்துக்கு எடுத்துக்கிட்டதால ஊரு காலியாயிட்டுது. இங்க வாடகை வூட்டுல இருக்கோம். நான் ஒரு செராமிக் கம்பெனியில பொம்மை சீவுற வேலைக்குப் போறேன். அச்சுல இருந்து எடுத்த பொம்மை ஈரமா இருக்கும்போதே ஓரத்துப் பிசிறைக் கத்தியால எடுத்துடணும். கொஞ்சம் அழுத்தினா மூக்கு போயிடும். உங்ககிட்ட நாலு மாசம் குழியில மண்ணு தட்ட பிரஷ் புடிச்ச கை, அதனால சீக்கிரமா பழகிட்டுதுன்னு சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன், அவருக்குப் புரியல. வூட்டுக்காரருக்குத்தான் இன்னும் ஒரு வேலையும் சரியா அமையல. காலையில டிவிஎஸ்ஸை எடுத்துக்கிட்டுப் போறாரு. எங்கன்னு சொல்றதில்ல.

கட்டுரையில என் பேரு இருக்குதுன்னு ப்ரியா விரல் வெச்சுக் காட்டினா. சின்னத் தாழியைக் கண்டெடுத்தது நான்தான்னு போட்டிருக்கீங்களாம். அதைப் பாத்ததுல இருந்து எனக்கு வெக்கமா இருக்குது.

உங்க கடுதாசியில, ரெண்டு வருஷ ஆராய்ச்சி பெல்லோஷிப் முடிஞ்சுட்டுது, வெளிநாட்டுல இன்னொண்ணு இருக்குது, ஆனா மனு போட மனசு வரல, டாக்டர் பட்டம் வாங்கி மண்ணைத் தோண்டி யாருக்கு என்ன பிரயோஜனம், ஏதாவது ஸ்கூல்ல டீச்சரா போயிடலாம்னு பாக்கறேன்னு எழுதியிருக்கீங்க. உங்களை அப்படி நெனைக்க வெச்சதுல எங்களுக்கும் பங்கு இருக்குது.

நீங்க எங்க வயல்ல குழி போட்டப்ப, சுரங்கத்துக்கு நிலம் எடுக்கப்போறாங்கன்னு ஊரே கலங்கிக் கெடந்தது. அந்தக் காலத்து ஊரு ஒண்ணு பூமிக்குள்ள இருக்குதுன்னு நீங்க எழுதிட்டா நிலத்தைத் தொட மாட்டாங்கன்னு ஊர்த்தலைவர் ராஜமாணிக்கம் எல்லாரையும் நம்ப வெச்சிட்டாரு. நீங்க கோயில் முன்னால கூட்டத்துல நின்னு, இங்க கெடைச்சது செத்தவங்களை வெச்சுப் பொதைச்ச ஏழு தாழிதான், ஊரு இருந்ததுக்கு அடையாளம் இல்ல, இல்லாததை நான் எழுத மாட்டேன்னு சொல்லிட்டீங்க. கெளம்பின அன்னைக்கு உங்களை பஸ்ஸு ஏத்திவிட ஒருத்தரும் வரல. நானும் வரல. உள்தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். அக்கான்னு நீங்க ரெண்டு தடவை கூப்பிட்டது கேட்டுது.

அதுக்குக் காரணத்தை இப்பவாவது சொல்லிடறேன். சின்னத் தாழியை வெளிய எடுத்தப்புறம் காய்ச்சல்னு மூணு நாள் வேலைக்கு வராம படுத்துட்டேனே, நீங்ககூட கஞ்சி காய்ச்சிக் குடுத்தீங்களே, எனக்குக் காய்ச்சல் இல்ல. உள்ள இருக்கிறது கைக்கொழந்தை எலும்புன்னு நீங்க சொன்னதும் என்னால அங்க நிக்க முடியல. ப்ரியாவுக்கு அடுத்து எனக்கு ஒரு பையன் பொறந்தான். இருபத்தாறு நாள் இருந்தான். அதே வயல்ல, கிழக்கு வரப்போரமா, நொச்சிச் செடிகிட்டதான் அவனைப் பொதைச்சோம். இப்ப ஒம்பது வருஷம் ஆகுது. அந்த எடம் போயிடக்கூடாதுன்னுதான் நீங்க பொய்யாவது எழுதணும்னு வேண்டிக்கிட்டேன்.

பங்குனியில சுரங்கத்து மிஷின் அந்தப் பக்கம் வந்துடுமாம். பிஞ்சு எலும்பை நொறுங்காம எடுக்க எனக்குத் தெரிஞ்சு உங்களால மட்டும்தான் முடியும். வூட்டுக்காரருகிட்ட கேட்டேன். மண்ணுக்குள்ள போனதை நோண்டாதன்னு எழுந்து போயிட்டாரு. உங்ககிட்ட இதைக் கேக்க எனக்கு முகம் இல்ல. முடிஞ்சா வாங்க. முடியலன்னா இதைக் கிழிச்சுப் போட்டுடுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
பாஞ்சாலை


விருத்தாசலம்
9.3.2008

அன்புத் தங்கச்சி அகல்யாவுக்கு,

அக்கா பாஞ்சாலையோட ஆசீர்வாதம். நீ நல்லபடியா போய்ச் சேந்துட்டன்னு பக்கத்து வூட்டுக்குப் போன் பண்ணின. எனக்குத்தான் போன்ல பேச்சு வரல. அதான் எழுதறேன்.

ரெண்டு நாள் ரயில்ல வந்த அலுப்போட நேரா வயலுக்குத்தான் போகணும்னு நின்ன. வூட்டுக்காரரு உன்னை வாங்கன்னுகூட கேக்காம வண்டியோட தூரத்துலயே நின்னாரு. எனக்கு உள்ளுக்குள்ள கோவம். நான் காட்டின எடத்துல நீ கயிறு கட்ட ஆரம்பிச்சப்பத்தான் மெதுவா நடந்து வந்து, "அங்க இல்லம்மா, ரெண்டடி வடக்கே"ன்னு சொன்னாரு. அந்த நொச்சி பட்டுப்போய், இப்ப இருக்கிறது தள்ளி மொளச்சதாம். அப்படிச் சொன்னப்பத்தான் தெனம் காலையில அவரு எங்க போறாருன்னு எனக்குத் தெரிஞ்சுது. பொதைச்ச அன்னைக்கு அப்புறம் அவனைப் பத்தி ஒரு வார்த்தை பேசாத மனுஷன். கல் நெஞ்சுன்னு இத்தனை வருஷம் நெனச்சிருந்தேன்.

நீ தோண்டினப்ப நான் உன் கையையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். முழங்கை ஆழத்துல மண்ணு நெறம் மாறிச்சு. ஒரு முறம் அளவுக்குக் கறுப்பு. பிரஷ்ஷைக் கீழ வெச்சுட்டு அந்தக் கறுப்பு ஓரத்தை விரலால தடவிப் பாத்த. அப்புறம் என் கையைப் புடிச்சுக்கிட்டு, "எலும்பு இல்லக்கா. தாழிக்குள்ள இருந்தா தங்கும், வெறும் மண்ணுல கரைஞ்சுடும். இந்தக் கறுப்பு மண்ணுதான் அவன்"னு சொன்ன.

அதுக்குப் பக்கத்துலயே வெள்ளையா விரல் கணு மாதிரி ஒண்ணு கெடந்தது, ஞாபகம் இருக்குதா? அதைக் காட்டி இதுதான்னு நீ சொல்லியிருந்தா நான் கண்ணுல ஒத்திக்கிட்டு நம்பியிருப்பேன். நீ கையில எடுத்துப் பாத்துட்டு, சுண்ணாம்புக் கல்லுன்னு ஓரமா வெச்சுட்ட. கோயில் முன்னால நின்னு ஊருக்கு நீ சொன்னதும் இதே மனசோடதான்னு அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. இல்லாததை இருக்குதுன்னு சொல்லாத ஒருத்தி மண்ணைக் காட்டி இதுதான் அவன்னு சொன்னா, அது அவன்தான். எனக்கு அதுல சந்தேகமே இல்ல.

நீ ஊருக்குக் கெளம்பினதுக்கு மறுநாள், நீ துணியில கட்டிக் குடுத்த அந்த மண்ணை மணிமுத்தாத்துல கொண்டுபோய் விட்டோம். கணுக்கால் அளவுதான் தண்ணி. அவருதான் எறங்கி விட்டாரு. கரையேறினதும் துண்டால மூஞ்சியை மூடிக்கிட்டு உக்காந்துட்டாரு. நானும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். வெயில் ஏறினப்புறம்தான் வூட்டுக்கு வந்தோம். இப்ப ஒரு வாரமா செங்கல் சூளை ஒண்ணுக்கு வேலைக்குப் போறாரு.

இன்னொண்ணும் சொல்லணும். வேலை முடிஞ்சதும் நீ வழக்கம்போல நோட்டை எடுத்து தேதி, ஆழம் எல்லாம் எழுதிட்டு, பேரு என்னக்கான்னு கேட்ட. இருபத்தாறு நாள்தானே, பேரு வெக்கலன்னு நான் சொன்னேன். வண்டிகிட்ட இருந்து அவரு, "வெற்றிவேல்"னு சொன்னாரு. நீ எழுதிக்கிட்ட. நீ தலையை நிமித்தல, அதனால என்னைப் பாத்திருக்க மாட்ட. அந்தப் பேரை நானும் அப்பத்தான் மொத மொதல்ல கேட்டேன்.

வெளிநாட்டு மனுவுக்கு இந்த மாசக் கடைசிதான் கெடுன்னு ப்ரியாகிட்ட சொன்னியாம். யாருக்குப் பிரயோஜனம்னு எழுதினியே, எனக்கு ஆச்சு தங்கச்சி. போய் மனுவைப் போடு. கெடைக்கலன்னா அடுத்த வருஷம் போடு. என் புள்ள பேரு எழுதின ஒரே காயிதம் உன் நோட்டுலதான் இருக்குது. அதை மூடி பெட்டியில வெச்சுடாதம்மா. அடுத்த பக்கத்துல இருந்து எழுதிக்கிட்டே போ.

பழமலைநாதர் உனக்குத் துணையா இருப்பாரு.

என்றும் உன் அக்கா,
பாஞ்சாலை